பகடை உருட்டிய மகனுக்கு இனி ஆடத் தடையா?

கேள்வி: என் மகனுக்கு 14 வயது, உயர்நிலை இரண்டில் படிக்கிறான். வீடு உட்லண்ட்ஸில். பள்ளி நண்பர்களால் மேஜிக்: த கேதரிங் கார்டு ஆட்டத்தில் ஆர்வம் வந்து, சென்ற மாதம் ஒரு கடையில் வெள்ளிக்கிழமை இரவு நடந்த டிராஃப்டுக்குப் போனான். மூடிய கார்டு பாக்கெட்டுகளை அங்கேயே பிரித்து, அதில் எடுத்த கார்டுகளை வைத்து ஆடும் போட்டி அது. எட்டுப் பேர், மூன்று ரவுண்டு. முதல் இரண்டிலும் ஜெயித்தான். கடைசி ரவுண்டு ஆடும்போது மணி 11 தாண்டிவிட்டது. எதிரில் இருந்த இளைஞர், "ரயில் போய்விடும், பகடை உருட்டி முடித்துக்கொள்வோம், பரிசுப் பாக்கெட்டைப் பாதிப் பாதி எடுத்துக்கொள்ளலாம்" என்றாராம். இவனும் உருட்டியிருக்கிறான். ஜட்ஜ் பார்த்துவிட்டு இருவருக்கும் தோல்வி என்று சொல்லி, பரிசையும் நிறுத்திவிட்டார். அழுதுகொண்டே கிளம்பியவனுக்கு அங்கே இருந்த ஓர் அண்ணன் ஆறுதல் சொல்லி, அவனிடம் இருந்த ஒரு கார்டை 10 வெள்ளிக்கு வாங்கிக்கொண்டாராம். ஏமாற்றுக்காரன் என்று அவன் பெயர் பதிவாகியிருக்குமா? இனி ஆட விடுவார்களா?

பதில்: விடுவார்கள். தாராளமாகப் போகலாம். கடை அளவிலான ஒரு டிராஃப்டில் ஓர் ஆட்டம் தோல்வி என்று எழுதப்பட்டதற்காக யாரையும் தடைப் பட்டியலில் சேர்ப்பதில்லை. தடை என்பது திருட்டு, மிரட்டல், திட்டமிட்ட ஏமாற்று போன்ற பெரிய விஷயங்களுக்கு ஆட்டத்தை நடத்தும் நிறுவனம் போடுவது. பெரிய போட்டிகளிலேயே, விதி தெரியாமல் பகடை உருட்டியவருக்கு அந்த ஆட்டம் மட்டும்தான் போகும். தவறு என்று தெரிந்தே உருட்டினால்தான் அது ஏமாற்றுக் கணக்கில் சேர்ந்து, போட்டியிலிருந்தே வெளியேற்றுவார்கள். உங்கள் மகனுக்குத் தெரியாது. ஜட்ஜுக்கும் அது புரிந்திருக்கிறது. அதனால்தான் தோல்வியோடு விட்டிருக்கிறார்.

ஆனால் உங்கள் கடிதத்தில் நான் இரண்டு முறை படித்தது கடைசியில் வரும் அந்த 10 வெள்ளியைத்தான். அதற்கு வருகிறேன். முதலில் பகடை.

ஏன் இவ்வளவு கடுமை என்று நீங்கள் நினைக்கலாம். இரண்டு பேர் சம்மதித்து உருட்டினால் யாருக்கு என்ன நஷ்டம்? மூன்றாம் மேசையில் ஆடிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு நஷ்டம். எட்டுப் பேரின் இடமும் ஒருவருடைய புள்ளியை ஒருவர் சார்ந்தே முடிவாகிறது. அதனால் ஆட்டத்தின் முடிவு ஆட்டத்தில்தான் வர வேண்டும். பகடையாலும் வரக் கூடாது, "நீ தோற்றுக்கொடு, இரண்டு பாக்கெட் தருகிறேன்" என்ற பேரத்தாலும் வரக் கூடாது. அந்த இளைஞர் ஒரே வாக்கியத்தில் இரண்டையும் சேர்த்துச் சொல்லிவிட்டார்.

எனக்கு வயிற்றெரிச்சல் என்னவென்றால், அன்று அந்தப் பகடைக்குத் தேவையே இருக்கவில்லை. எட்டுப் பேரில் முதல் ரவுண்டில் நான்கு பேர் ஜெயிப்பார்கள், இரண்டாவதில் அந்த நால்வரில் இருவர். ஆக, இரண்டிலும் ஜெயித்தவர்கள் உங்கள் மகனும் அந்த இளைஞரும் மட்டும்தான். வெற்றிக்கு 3 புள்ளி, சமன் என்றால் 1 புள்ளி. இருவரிடமும் 6 புள்ளி இருக்கிறது. "சமன் என்று வைத்துக்கொள்வோமா?" என்று ஒருவர் கேட்டு மற்றவர் சரி என்றிருந்தால் ஆளுக்கு 7 புள்ளி. மற்ற அறுவரில் யாரும் 6-ஐத் தாண்ட முடியாது. முதல் இரண்டு இடமும் இவர்களுக்குத்தான். ஆட்டம் முடிவதற்குள் இருவரும் பேசி சமன் செய்துகொள்வது விதிப்படி சரி. அதேபோல, "எனக்கு நேரமாகிவிட்டது, நான் விட்டுக்கொடுக்கிறேன்" என்று எதையும் எதிர்பார்க்காமல் எழுந்து போவதும் சரி. அதுவும் வேண்டாமென்றால் கடிகாரமே முடித்துவைத்திருக்கும். ஒரு ரவுண்டுக்கு 50 நிமிடம். நேரம் முடிந்ததும் இருவருக்கும் சேர்த்து மொத்தம் ஐந்து முறை (மாறி மாறி வரும் வாய்ப்பு) மட்டும் ஆடவிட்டு நிறுத்துவார்கள். அந்த ரவுண்டுக்குள் ஆளுக்கு எத்தனை கேம் ஜெயித்தார்கள் என்ற கணக்கு சமமாக நின்றால் அதுவும் சமன்தான்.

இதை அவனிடம் யாராவது முன்பே சொன்னார்களா? சொல்லியிருக்க மாட்டார்கள். போட்டி விதிகள் பக்கம் பக்கமாக இருக்கின்றன, யார் வேண்டுமானாலும் இணையத்தில் படிக்கலாம், ஆனால் அதன் நடை நடுவர்களுக்கானது. கடையில் யாருக்கு யாரோடு ஆட்டம் என்று ஆப் சொல்லிவிடும், பெரிய திரையில் நேரம் ஓடும். "முடிவுக்குப் பகடை கூடாது, பரிசைக் காட்டி முடிவு கேட்கக் கூடாது" என்ற இரண்டு வரியை ஒரு தாளில் அச்சடித்துச் சுவரில் ஒட்டச் சொல்லி நான் பல வருடங்களாகக் கேட்டுப் பார்த்துவிட்டேன். புதுப் பாக்கெட் விளம்பரத்துக்குச் சுவரில் இடம் இருக்கிறது, இதற்கு இல்லை. பிள்ளைகள் அடிபட்டுத்தான் கற்றுக்கொள்கிறார்கள்.

நேரத்தையும் யாரும் கணக்குப் போடுவதில்லை. ஏழரைக்குத் தொடங்கும் டிராஃப்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு மூன்று பாக்கெட். ஒரு பாக்கெட்டைப் பிரித்து, ஒரு கார்டு எடுத்துக்கொண்டு மீதியைப் பக்கத்தில் இருப்பவருக்குத் தள்ள வேண்டும். 2024 முதல் வரும் பாக்கெட்டுகளில் 14 கார்டு, அப்படியென்றால் 42 முறை எடுக்க வேண்டும். முக்கால் மணி நேரம் போய்விடும். எடுத்ததை வைத்து 40 கார்டு டெக், அதாவது ஆடுவதற்கான சீட்டுக்கட்டு, கட்ட அரை மணி. பிறகு மூன்று ரவுண்டு, இரண்டரை மணி நேரம். இடையில் கழிவறை, தாமதம் எல்லாம் சேர்த்தால் பதினொன்றரை தாண்டும். உயர்நிலைப் பள்ளி மாணவனைக் கடைசி ரயிலோடு போட்டி போட வைத்துவிட்டு, அவன் குறுக்குவழி தேடினால் தண்டனை கொடுக்கிறோம். இது கடைகள் யோசிக்க வேண்டிய விஷயம்.

ஒரு விதிவிலக்கு உண்டு. இதை நிதானமாகப் படியுங்கள். பகடை உருட்டச் சொன்ன இளைஞர் இதைத்தான் அரைகுறையாகக் கேள்விப்பட்டிருப்பார் என்று நினைக்கிறேன். எட்டுப் பேர் டிராஃப்டை இரண்டு விதமாக நடத்தலாம். ஒன்று ஸ்விஸ் முறை: தோற்றாலும் எல்லோரும் எல்லா ரவுண்டும் ஆடுவார்கள், புள்ளி கூட்டி இடம் போடுவார்கள். இன்னொன்று நாக்அவுட்: தோற்றவர் வெளியே, கடைசியில் இருவர் மிஞ்சுவார்கள். நாக்அவுட்டின் இறுதி ஆட்டம் என்று அறிவித்த பிறகு, அந்த இருவர் மட்டும் பரிசை எப்படி வேண்டுமானாலும் பிரித்துக்கொள்ளலாம். பேசி முடித்ததும் ஒருவர் போட்டியிலிருந்து விலக வேண்டும், மற்றவர் முதலிடம் என்று எழுதப்படும், இடத்துக்கான பரிசை வாங்கித் தங்களுக்குள் பிரித்துக்கொள்வார்கள். அங்கே மற்ற ஆறு பேரும் ஏற்கெனவே வெளியே போய்விட்டதால் யாருக்கும் பாதிப்பில்லை.

ஸ்விஸ் முறையின் கடைசி ரவுண்டு இறுதி ஆட்டம் போலவே தோன்றும். இரண்டு பேரும் தோற்காதவர்கள், எல்லோரும் சுற்றி நின்று பார்ப்பார்கள். ஆனால் அது அறிவிக்கப்பட்ட நாக்அவுட் இறுதி ஆட்டம் அல்ல, அதனால் இந்த விலக்கு அங்கே கிடையாது. ஸ்விஸில் பரிசைப் பங்கிட்டுக்கொள்ளவே கூடாதா என்றால், கூடும், அந்தப் பங்கு ஆட்ட முடிவுக்கு விலையாக இல்லாதவரை. "யார் ஜெயித்தாலும் பாதிப் பாதி" என்று சொல்லிவிட்டு உண்மையாகவே ஆடலாம். "நீ சமன் கொடு, பாதி தருகிறேன்" என்றால் தவறு. இந்த இரண்டு வாக்கியத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி மயிரிழைதான், 14 வயதுப் பிள்ளை அதில் நடக்க வேண்டியதில்லை. ஆட்டம் முடியும்வரை பாக்கெட் என்ற பேச்சையே எடுக்காதே என்று சொல்லிவிடுங்கள். நாக்அவுட் இறுதியிலும் பகடையைத் தொட வேண்டாம். சந்தேகம் வந்தால் கையைத் தூக்கி ஜட்ஜைக் கூப்பிட்டு, "இப்படிச் செய்யலாமா?" என்று கேட்கட்டும். தானாகப் போய்க் கேட்டதற்காக யாருக்கும் தண்டனை கிடையாது.

சரி, அந்த அண்ணன்.

அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் இந்த மேசைகளைச் சுற்றி நான் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு வகை ஆட்கள் உண்டு. அவர்கள் டிராஃப்ட் ஆட வர மாட்டார்கள். ஒன்பது மணிக்குமேல் வருவார்கள், தோளில் ஒரு பை, பைக்குள் தடித்த ஃபைல். தோற்ற பிள்ளை எந்த மேசையில் இருக்கிறான் என்று பார்ப்பார்கள். ஜெயித்தவன் தன் கார்டை விற்க மாட்டான். தோற்றவனுக்கு எல்லாமே குப்பையாகத் தெரியும். அதுதான் அவர்களுக்கு வேண்டிய நேரம்.

ஒரு முறை என் கண்ணெதிரே நடந்தது. பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பையன், அவனுடைய ஃபாயில் கார்டு (பளபளப்பாக அச்சடித்தது) ஒன்று, ஓரமில்லாத படத்தோடு, பிளாஸ்டிக் உறைகூடப் போடாமல் மேசையில் கிடந்தது. வந்தவர் போனை எடுத்து அந்தக் கார்டின் பெயரைத் தட்டினார். திரையில் இரண்டு வெள்ளி சொச்சம் விலை. "பார், நீயே பார், நான் ஐந்து தருகிறேன்" என்றார். பையனுக்கு ஒரே சந்தோஷம். பெயர் சரிதான், விலையும் பொய்யில்லை. ஆனால் அது அதே பெயரில் வந்த சாதாரண அச்சின் விலை. பையன் கையில் இருந்தது வேறு அச்சு, அதற்குப் பல மடங்கு மதிப்பு. நான் எழுந்து போவதற்குள் நோட்டு கைமாறிவிட்டது. கடைக்காரரிடம் சொன்னேன். "இருவரும் சம்மதித்து விற்றது, நான் என்ன செய்ய?" என்றார். ஆட்ட விதிக்கும் கார்டு வியாபாரத்துக்கும் சம்பந்தமில்லை என்று ஜட்ஜும் ஒதுங்கிக்கொள்வார். பகடைக்கு இருக்கும் கண்டிப்பில் பத்தில் ஒரு பங்கு இதற்கு இல்லை. எனக்கு ஆறாத கோபம் அதுதான்.

ஒரே பெயரில் ஒரு கார்டு நான்கைந்து விதமாக வரும். எது எது என்று அடையாளம் காட்டுவது படமும் பளபளப்பும் மட்டும் அல்ல, கார்டின் இடது கீழ் மூலையில் பொடி எழுத்தில் இருக்கும் எண்ணும், அதனருகே எந்தத் தொகுப்பு என்று சொல்லும் மூன்றெழுத்துக் குறியும்தான். ஸ்க்ரைஃபால் என்ற இலவசத் தளத்தில் அந்தக் குறியையும் எண்ணையும் பார்த்துத் தேடினால் சரியான அச்சு வரும், விலையும் தெரியும். அந்த மூலையைப் பார்க்காமல் விலை சொல்பவர் யாராக இருந்தாலும் நம்ப வேண்டாம் என்று மகனுக்குச் சொல்லுங்கள்.

மாற்றிக்கொள்வதிலும் இதே கதைதான். "உன் ஒன்றுக்கு என்னுடைய மூன்று" என்பார்கள். மூன்றும் யாரும் தேடாத ரேர் (குறைவாக அச்சடிக்கும்) கார்டாக இருக்கும், அல்லது போலியாக இருக்கும். 2014-க்குப் பின் வந்த சாதாரண ரேர் கார்டில் அடிப்பகுதி நடுவே, பெரும்பாலும் முட்டை வடிவில், ஒரு பளபளப்பு முத்திரை இருக்க வேண்டும். கார்டின் பின்பக்கம் ஐந்து வண்ண வட்டங்கள் இருக்கும். பச்சை வட்டத்தை நகைக்கடை உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தால் உள்ளே நான்கு சிவப்புப் புள்ளிகள் ஒட்டி நிற்கும். போலியில் அது கலங்கியிருக்கும். இதெல்லாம் வீட்டில் நல்ல வெளிச்சத்தில் செய்ய வேண்டிய சோதனை. இரவு பதினொரு மணிக்கு, அழுத கண்ணோடு, அந்நியர் ஒருவர் காத்து நிற்கும்போது முடியாது.

அதனால் ஒரே கட்டுப்பாடு போடுங்கள்: டிராஃப்ட் நடக்கும் இரவில் விற்பனையும் இல்லை, மாற்றலும் இல்லை. "அம்மாவிடம் கேட்டுச் சொல்கிறேன்" என்று அவன் சொன்னால் நல்ல ஆள் காத்திருப்பார், மற்றவர் அடுத்த மேசைக்குப் போய்விடுவார். டிராஃப்டில் எடுத்த கார்டு பெரும்பாலும் எடுத்தவருக்கே சொந்தம். சில இடங்களில் கடைசியில் ரேர் கார்டுகளை மேசையில் போட்டு வென்ற வரிசைப்படி எடுத்துக்கொள்வார்கள். பணம் கட்டும் முன் எந்த முறை என்று கேட்கட்டும்.

அப்புறம், பிறந்தநாளுக்கு நீங்களே பாக்கெட் வாங்கித் தர நினைத்தால், இணையத்தில் பெட்டியிலிருந்து பிரித்து உதிரியாக விற்பதை வாங்காதீர்கள். உறையைத் திறந்து திரும்ப ஒட்டும் வேலை அதில்தான் நடக்கிறது. கலெக்டர் பாக்கெட் என்று இருப்பதும் வேண்டாம். விலை அதிகம், டிராஃப்டுக்கு உதவாது.

வெள்ளிக்கிழமை இரவுக்குப் பதில், புதுத் தொகுப்பு கடைக்கு வருவதற்குச் சுமார் ஒரு வாரம் முன் நடக்கும் பிரீரிலீஸுக்கு அனுப்பிப் பாருங்கள். அங்கே கார்டைக் கைமாற்றி எடுக்கும் அவசரம் இல்லை. ஆளுக்கு ஆறு பாக்கெட் தருவார்கள், அவரவர் பிரித்து அவரவர் டெக் கட்டலாம். சனி, ஞாயிறு பகலிலும் நடக்கும். புதியவர்கள் நிறைய வருவதால் ஜட்ஜுகளும் பொறுமையாகச் சொல்லித்தருவார்கள்.

இன்று அவனிடம் அந்தக் கார்டின் பெயரையும் படத்தையும் கேளுங்கள். ஸ்க்ரைஃபாலில் எல்லா அச்சுகளும் படத்தோடு இருக்கும், தன்னுடையது எது என்று பார்த்தவுடன் காட்டிவிடுவான். 10 வெள்ளி நியாயமான விலையாக இருந்தால் அந்த அண்ணனைப் பற்றி நான் சொன்னதை மறந்துவிடுங்கள். மிகவும் குறைவு என்றால், அடுத்த முறை நீங்களும் கூடவே போய், கடைக்காரர் முன்னிலையில் பணத்தைத் திருப்பிக் கொடுத்துக் கார்டைக் கேளுங்கள். 14 வயதுப் பிள்ளையிடம் வாங்கியதைத் தாய் வந்து கேட்கும்போது பலர் தந்துவிடுவார்கள், நான் பார்த்திருக்கிறேன். அன்றே அந்த ஜட்ஜிடமும் அவன் போய், "எனக்கு விதி தெரியவில்லை, இப்போது தெரிந்துகொண்டேன்" என்று சொல்லட்டும்.