எலி வளர்க்கவா பாலிடெக்னிக் படிக்கப் போறா?

அக்கா, மெசேஜ் படிச்சேன். மக சிங்கப்பூர் டெமாசெக் பாலிடெக்னிக்ல வெட்டினரி டெக்னாலஜி, அதாவது மிருக வைத்தியத்துக்கு உதவுற படிப்பு படிச்சா ஏதாவது பெட் கிளினிக்ல வேலைக்குப் போவான்னு பாத்தா, இப்ப யூனிவர்சிட்டி ஆராய்ச்சிக்கு எலி வளர்க்குற இடத்துக்குப் போறேங்கிறா, சொந்தக்காரங்க கேட்டா என்ன சொல்றதுன்னு கேட்டிருக்கீங்க. சொந்தக்காரங்களுக்கு நீங்க டாக்டர்னு சொன்னாலும் ஒரு கேள்வி இருக்கும், அதை விடுங்க.

கூண்டு மாத்துறது, கழுவுறதெல்லாம் இருக்குதான், இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா அங்க முக்கியமான வேலை ஒவ்வொரு எலிக்கும் சரியா கணக்கு வச்சுக்கறது. சுண்டெலி 19லேர்ந்து 21 நாள்ல குட்டி போடும், புதுசா குட்டி போட்ட கூண்டை சும்மா நோண்டிக்கிட்டே இருந்தா சில தாய் குட்டியையே தின்னுடும், மூணு வாரம் ஆனதும் குட்டிங்கள பிரிச்சு ஆண் பெண் பாத்து தனித்தனியா போடணும், அதுல கோட்டை விட்டா கொஞ்ச நாள்ல அண்ணன் தங்கச்சியே ஜோடி சேர்ந்து புது குட்டிங்க வந்து நிக்கும், எது எந்த மரபணுன்னு யாருக்கும் தெரியாது. அதனால காதுல துளி திசு எடுத்து டிஎன்ஏ பாப்பாங்க, பிறந்த தேதி, அப்பா அம்மா நம்பர் எல்லாம் கூண்டு அட்டையில இருக்கும். ராத்திரி லைட்டு அணையாம போனாக்கூட இனப்பெருக்கம் கெட்டுப்போகும். இதெல்லாம் கவனிக்கத் தெரிஞ்ச ஆளுக்கு நல்ல மதிப்பு இருக்கு.

சட்டமும் கண்டிப்புதான். 2004லேர்ந்து இங்க ஆராய்ச்சிக்கு விலங்கு வச்சிருக்க லைசென்ஸ் வேணும், இப்ப அதை என்பார்க்ஸ்ங்கிற தேசிய பூங்கா வாரியம் பாக்குது. எந்த சோதனையா இருந்தாலும் முன்னாடியே ஒரு கமிட்டி ஓகே சொல்லணும், அதுல ஒரு மிருக டாக்டரும் வெளியாள் ஒருத்தரும் இருப்பாங்க.

நான் உங்க இடத்துல இருந்தா மககிட்ட வேற கேப்பேன். சோதனை முடிஞ்சதும் பெரும்பாலான எலிங்கள வலியில்லாம கொல்லணும், அதை பல இடத்துல எலிய பாத்துக்கறவங்களே செய்யணும், அது முடியுமா? தீபாவளி அன்னைக்கும் யாராவது போய்த்தான் ஆகணும், பரவால்லையா? சின்னதுலேர்ந்து ஆஸ்துமா, சைனஸ் இருக்கா? எலி மூத்திரத்துல இருக்குற புரதத்தால நிறைய பேருக்கு அலர்ஜி வருது, இருந்தா முதல்ல டாக்டர பாருங்க.

பின்னாடி மிருக டாக்டர் ஆகணும்னா சிங்கப்பூர்ல அந்த டிகிரி கிடையாது, ஆஸ்திரேலியா மாதிரி வெளிநாடுதான், செலவு அதிகம், இதை இப்பவே பேசிக்கோங்க. டிகிரி இல்லாமலும் மேல போகலாம், ஆலாஸ்ங்கிற (AALAS) அமெரிக்க ஆய்வக விலங்கு சங்கத்தோட மூணு படி சான்றிதழ் இருக்கு, வேலை செஞ்சுக்கிட்டே எழுதலாம். பாலிடெக்னிக் ஓப்பன் ஹவுஸுக்கு அவளோட நீங்களும் போங்க, இன்டர்ன்ஷிப்புக்கு ஆராய்ச்சிக்கூடத்துக்கு அனுப்புவாங்களான்னு நேரா கேளுங்க.