வளைவரைக்கு நடுவில் அந்த நேர்கோடு எதற்கு?

கேள்வி: பத்தாம் வகுப்பு படிக்கிறேன். y = x² − 2x − 3 போன்ற வரைபடங்களை அட்டவணை போட்டு வரைந்துவிடுவேன். ஆனால் வளைவரை சில நேரம் கோணலாக வருகிறது. அதை வைத்து x² − x − 6 = 0 என்ற சமன்பாட்டைத் தீர்க்கச் சொன்னால், கழித்து ஒரு நேர்கோடு போடுகிறோம். அது ஏன் என்று புரியாமலேயே போடுகிறேன். விளக்குவீர்களா?

பதில்: முதலில் கோணல் விஷயம். பெரும்பாலானவர்கள் −4 முதல் 4 வரை x மதிப்புகளை எடுத்துக்கொண்டு கணக்குப் போடத் தொடங்கிவிடுகிறார்கள். இந்தக் கோவைக்கு x = −4 என்றால் y = 21. தாள் போதாது, அளவுத்திட்டமும் குழம்பும். அட்டவணைக்கு முன்னால் சமச்சீர் அச்சை, அதாவது வளைவரையை இரண்டு சம பாதியாகப் பிரிக்கும் கோட்டை, கண்டுபிடியுங்கள். கோவையை ax² + bx + c என்று எழுதினால், அது x = −b/2a. இங்கே a = 1, b = −2 என்பதால் x = 1. அங்கே y = −4. ஆக, வளைவரை திரும்பும் புள்ளியான முனை (1, −4). இனி 1-க்கு இரண்டு பக்கமும் மும்மூன்று மதிப்புகள் எடுத்தால் போதும். −2 முதல் 4 வரை வரிசையாக y மதிப்புகள் 5, 0, −3, −4, −3, 0, 5.

இடமிருந்து படித்தாலும் வலமிருந்து படித்தாலும் ஒன்றேதான். எங்காவது மாறினால் அங்கே கூட்டல் கழித்தல் குறியில் தப்பு இருக்கிறது என்று அர்த்தம். இன்னொரு சோதனையும் உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது: முனையிலிருந்து ஒவ்வொரு அலகாக நகரும்போது y முதலில் 1, அப்புறம் 3, அப்புறம் 5 என்று ஏறுகிறது. x²-இன் கெழு 1 என்றால் எப்போதும் இப்படித்தான். கெழு 2 என்றால் 2, 6, 10.

முனை முழு எண்ணில் விழாதபோது கவனம் தேவை. y = x² + x − 2-இல் x = −1, x = 0 இரண்டுக்கும் y = −2 வரும். உடனே பலர் அந்த இரண்டு புள்ளிகளையும் ஸ்கேல் வைத்துச் சேர்த்துவிடுவார்கள், பரவளையத்தின், அதாவது இந்த வளைவரையின், அடி தட்டையாகிவிடும். உண்மையில் x = −½-இல் வளைவரை −2.25 வரை இறங்குகிறது. அந்தப் புள்ளியையும் குறித்துவிட்டுக் கையால் வளைத்து வரையுங்கள்.

சரி, நேர்கோட்டுக்கு வருவோம். உங்களிடம் இருப்பது x² − 2x − 3-இன் வளைவரை. கேட்டிருப்பது x² − x − 6 = 0. இதற்கு இன்னொரு வளைவரை வரையலாம்தான், ஆனால் தேவையில்லை. முதல் கோவையை இரண்டாவதை வைத்தே எழுதிப் பாருங்கள்:

x² − 2x − 3 = (x² − x − 6) + (−x + 3)

அடைப்புக்குள் இருக்கும் முதல் பகுதி எந்த x-க்குப் பூச்சியமாகிறதோ, அதைத்தான் தேடுகிறோம். அந்த x-இல் வலப்பக்கம் −x + 3 மட்டும் மிஞ்சும். அதாவது அங்கே வளைவரையின் உயரமும் y = −x + 3 என்ற கோட்டின் உயரமும் சமம். அதனால்தான் கோட்டைப் போட்டு, வெட்டும் இடத்தைப் பார்க்கிறோம். நீங்கள் கழிப்பது இந்த மிச்சத்தைக் கண்டுபிடிக்கத்தான்.

கோடு வளைவரையை (−2, 5), (3, 0) என்ற புள்ளிகளில் வெட்டும். விடை x = −2, x = 3. y மதிப்பை விடையாக எழுதிவிடாதீர்கள், x மட்டும்தான் தீர்வு. x அச்சில் வெட்டும் −1, 3 என்பவை x² − 2x − 3 = 0-இன் மூலங்கள், அதாவது தீர்வுகள். அந்தக் கேள்விக்கு y = 0 என்ற கோடு, அதாவது x அச்சே, போதுமானதாக இருக்கிறது. இரண்டும் ஒரே வேலைதான்.

மூலங்கள் எப்படிப்பட்டவை என்று சொல்லும் தன்மைக்காட்டியையும் (b² − 4ac) இங்கேயே பார்த்துவிடலாம். இதே வளைவரையை 4 அலகு மேலே தூக்கினால் y = x² − 2x + 1, x அச்சை (1, 0)-இல் தொட மட்டும் செய்யும்; மூலங்கள் சமம். மேலும் 4 அலகு தூக்கினால் x² − 2x + 5, அச்சைத் தொடவே தொடாது. மெய்யெண் தீர்வு இல்லை. b² − 4ac-இன் மதிப்புகள் முறையே 16, 0, −16. வடிவம் மாறவில்லை, இடம்தான் மாறியது.

இப்போது அதே பழைய வரைபடத்தில் x² − 4x + 4 = 0-ஐத் தீர்த்துப் பாருங்கள். கோடு y = 2x − 7 என்று வர வேண்டும். அது வளைவரையை வெட்டாமல் (2, −3)-இல் தொட்டுச் சென்றால் சரியாக வரைந்திருக்கிறீர்கள்.