பெட்ரோல் விளக்கு எரிந்த பிறகும் காரை ஓட்டிக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்?

கேள்வி கேட்டவர் வள்ளியூரிலிருந்து தினமும் திருநெல்வேலிக்கு வேலைக்கு வந்துபோகிறார். தினம் 500 ரூபாய்க்கு பெட்ரோல் போடுவாராம். பாதி நாள் மஞ்சள் விளக்கு எரிந்தபடியே வீடு போய்ச் சேருவாராம். "இதுவரைக்கும் வழியில நின்னதில்ல, ஆனா வண்டிக்குக் கெடுதல்னு சொல்லுதாங்க, உண்மையா?" என்று கேட்டிருக்கிறார்.

உண்மைதான். பாளையங்கோட்டையில் 21 வருசமாக ஒர்க்‌ஷாப் நடத்துகிறேன். வழியில் நிற்காத வண்டிகளில்தான் இந்தக் கெடுதல் சத்தமில்லாமல் சேர்ந்துகொண்டே போகும்.

போன மாதம் ஒரு ஸ்விஃப்ட் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். பெட்ரோல் வண்டி, 70,000 கிலோமீட்டர்கூட ஓடவில்லை. செல்ஃப் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை. பின்சீட்டைத் தூக்கி, கீழே இருந்த மூடியைக் கழற்றி, டேங்கிலிருந்து, எஞ்சினுக்குப் பெட்ரோல் தள்ளும் பம்ப்பை வெளியே எடுத்தேன். அடியில் வலை மாதிரி ஒரு வடிகட்டி இருக்கும், புதிதாக இருக்கும்போது வெள்ளையாக இருக்கும். இதில் பழைய காப்பி வடிகட்டும் துணி நிறம். மோட்டாரைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்து ஒரு நகக்கண் அளவுகூட மிச்சமில்லை, சுற்றிலும் கரி. வண்டிக்காரரிடம், "தம்பி, எப்பவும் ரிசர்வ்லயே ஓட்டுவியளோ?" என்று கேட்டேன். "எப்படி அண்ணாச்சி கண்டுபிடிச்சிய?" என்றார். பம்ப்பைக் கையில் கொடுத்தேன், அவரே பார்த்துக்கொண்டார்.

இப்போது வரும் பெட்ரோல் கார்கள் எல்லாவற்றிலும் பம்ப் டேங்குக்கு உள்ளேதான், பெட்ரோலில் முங்கியபடி உட்கார்ந்திருக்கும். அது ஒரு மின்சார மோட்டார். எஞ்சின் ஓடுகிற நேரம் முழுக்கச் சுற்றிக்கொண்டே இருக்கும். டயருக்கு 33 காற்று அடிக்கிறோமே, அதைவிடக் கூடுதலான அழுத்தத்தில் பெட்ரோலை, எஞ்சினுக்குள் அதைப் பீய்ச்சும் இன்ஜெக்டருக்குத் தள்ள வேண்டும். அவ்வளவு வேலை செய்கிற மோட்டார் சூடாகத்தான் செய்யும். அந்தச் சூட்டைத் தணிக்க தனியாக விசிறியோ தண்ணீரோ கிடையாது. சுற்றி நிற்கும் பெட்ரோலும், மோட்டாருக்கு உள்ளேயே புகுந்து போகும் பெட்ரோலும்தான் அதைக் குளிர வைக்கின்றன. தேய்மானத்துக்கு மசகும் அதே பெட்ரோல்தான். டேங்கில் நாலு லிட்டர் மட்டும் இருந்தால் பம்ப்பின் மேல்பாதி காற்றில் நிற்கும், கிடக்கிற கொஞ்சப் பெட்ரோலும் சீக்கிரம் சூடேறிவிடும். சித்திரை வெயிலில் பாளையங்கோட்டை ரோட்டில் தார் இளகுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த ரோட்டுக்கு ஒரு முழம் மேலேதான் உங்கள் டேங்க் தொங்குகிறது.

ஒரு நாள் இரண்டு நாள் விளக்கு எரிந்தால் பம்ப் செத்துவிடாது. பயப்பட வேண்டாம். பெரும்பாலான வண்டிகளில் பம்ப்பைச் சுற்றி ஒரு சின்னக் கிண்ணம் வைத்திருக்கிறார்கள், கடைசி வரை கொஞ்சம் பெட்ரோல் அதில் நிற்கும். ஆனால் உங்கள் கணக்கைப் பாருங்கள். லிட்டர் நூறு ரூபாய்க்கு மேல் விற்கும்போது 500 ரூபாய்க்கு ஐந்து லிட்டர்கூட வராது. போக வர ஏறக்குறைய 90 கிலோமீட்டர். போட்டது அன்றைக்கே தீர்ந்துவிடுகிறது. அதாவது உங்கள் பம்ப் வருசம் முழுக்க முழுசாக முங்கிக் குளித்ததே இல்லை.

இந்தப் பழக்கம் நமக்கு எங்கிருந்து வந்தது என்று நான் யோசித்திருக்கிறேன். ரிசர்வ் என்கிற சொல்லே பைக்கிலிருந்து வந்தது. பழைய பைக்கில் டேங்குக்குக் கீழே ஒரு குழாய் இருக்கும். வண்டி திக்கித் திணறினால் ஓட்டிக்கொண்டே குனிந்து அதைத் திருப்புவோம், மறுபடி ஓடும். அதில் பம்ப்பே கிடையாது, பெட்ரோல் தானாக இறங்கும். கார்பரேட்டர் போட்ட பழைய மாருதி 800-லும் பம்ப் வெளியே எஞ்சினோடு ஒட்டி இருந்தது, எஞ்சின் சுற்றினால் அதுவும் அடிக்கும். அந்த வண்டிகளில் சொட்டுச் சொட்டாகத் தீரும் வரை ஓட்டினாலும் பெரிதாக ஒன்றும் கெடவில்லை. அப்பாவும் மாமாவும் அப்படித்தான் ஓட்டினார்கள், நாமும் அதையே பிடித்துக்கொண்டோம். காரில் ரிசர்வ் என்று தனியாக ஒரு டேங்க் இல்லை. அந்த மஞ்சள் விளக்கு 'இன்னும் இருக்கிறது' என்று சொல்வதில்லை, 'தீரப்போகிறது' என்றுதான் சொல்கிறது.

பெட்ரோல் அளவு காட்டும் முள்ளையும் ரொம்ப நம்பாதீர்கள். டேங்கில் ஒரு மிதவை, அதற்கு ஒரு கை, அவ்வளவுதான் அந்த ஏற்பாடு. வண்டி சரிவில் நின்றால் ஒரு அளவு, சமதளத்தில் வேறு அளவு. 'இன்னும் 45 கிலோமீட்டர்' என்று திரையில் காட்டுவதும் நீங்கள் இதுவரை ஓட்டிய மைலேஜை வைத்துப் போட்ட கணக்கு. நான்குவழிச் சாலையில் சீராக வந்துவிட்டு ஏ.சி.யோடு டவுன் ரதவீதி நெரிசலில் நுழைந்தால் அந்த 45 எங்கே போனதென்று தெரியாது.

மலைக்குப் போகும்போது இது இன்னும் மோசம். தெரிந்த பையன்கள் நாலு பேர் வனத்துறை அனுமதி வாங்கி மாஞ்சோலைக்குப் போனார்கள். மணிமுத்தாறு செக்போஸ்ட் தாண்டும்போதே முள் அடியில்தான். 'மேல போயிட்டு இறங்குறதுக்கு வேண்டியது இருக்கு' என்று ஒரு நினைப்பு. கணக்குப்படி இருந்திருக்கவும் செய்யும். ஆனால் கொண்டை ஊசி வளைவில் வண்டி மூக்கைத் தூக்கித் திரும்பும்போது டேங்கில் இருக்கிற நாலு லிட்டர் ஒரு பக்கமாக ஓடிவிடும். பம்ப் காற்றை உறிஞ்சும். வண்டி இரண்டு தரம் இடித்து நின்றுவிட்டது. போனில் சிக்னல் இல்லை, மலைமேல் பங்க் கிடையாது, பின்னால் ஒரு வண்டி வந்தால் ஒதுங்க இடமில்லாத ரோடு. டயருக்குக் கல் வைத்து, மூன்று பேர் பிடித்துக்கொள்ள, மெல்ல மெல்லச் சமமான இடத்துக்குப் பின்னால் இறக்கியிருக்கிறார்கள். அங்கே வந்ததும் ஸ்டார்ட் ஆகிவிட்டது. பெட்ரோல் இருந்துகொண்டே நின்ற வண்டி அது.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. மிச்சப்படுத்துகிறோம் என்று இறக்கத்தில் நியூட்ரல் போட்டு, எஞ்சினையும் அணைத்துவிட்டு இறங்கியிருக்கிறார்கள். இதைக் கேட்டபோதுதான் எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது. எஞ்சின் ஓடாவிட்டால், பிரேக்கை லேசாக மிதிக்க உதவும் பூஸ்டருக்கு வாக்குவம் (உறிஞ்சு விசை) கிடைக்காது. இரண்டு மூன்று மிதி வரைக்கும் பழைய வாக்குவம் தாங்கும், அதற்குப் பிறகு பெடல் கல் மாதிரி ஆகிவிடும். ஸ்டீயரிங்கும் கனத்துப் போகும். சாவியை முழுதாக உருவிவிட்டால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளவும் கூடும். இவ்வளவும் செய்து என்ன மிச்சம்? ஒன்றுமில்லை. இன்ஜெக்‌ஷன் வண்டியில் கியரில் வைத்து, ஆக்ஸிலரேட்டரில் இருந்து காலை எடுத்துவிட்டு இறங்கினால் கம்ப்யூட்டரே பெட்ரோலை அடைத்துவிடும். சக்கரம்தான் எஞ்சினைச் சுற்றும், சொட்டுப் பெட்ரோல் எரியாது. நியூட்ரலில் ஓடவிட்டால்தான் ஐட்லிங்குக்கு எரியும். செகண்ட் கியரில் இறங்குங்கள், பிரேக்கும் சூடாகாது.

டீசல் வண்டிக்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். பெட்ரோல் வண்டி காலியாகி நின்றால் பெட்ரோல் ஊற்றி எடுத்துக்கொண்டு போகலாம். டீசல் வண்டி அப்படியில்லை. குழாயெல்லாம் காற்று புகுந்து ஏர் லாக் ஆகிவிடும். டீசல் ஊற்றிய பிறகும் அந்தக் காற்றை வெளியேற்ற வேண்டும். ஃபில்டர் மேல் கைப்பம்ப் இருக்கிற வண்டியில் அது விறைக்கும் வரை அமுக்க வேண்டும், முதலில் சொதசொதவென்று இருக்கும், பிறகு விரலை எதிர்க்கும். கைப்பம்ப் இல்லாததில் மெக்கானிக் வந்தாக வேண்டும். அதைவிடப் பெரிய செலவு காமன் ரெயில் வண்டியில், அதாவது இப்போது வரும் டீசல் கார்களில் இருக்கிறது. அதன் உயர் அழுத்தப் பம்ப் 1,600 பார் வரைக்கும், சிலதில் அதற்கு மேலும் தள்ளும். அதற்கு மசகு டீசல் மட்டும்தான். காற்றோடு காய்ந்து சுற்றினால் உள்ளே உலோகம் உரசித் துகள் கிளம்பும், துகள் இன்ஜெக்டர் வரைக்கும் போகும். பெட்ரோல் பம்ப் சில ஆயிரத்தில் முடியும், இது பல பத்தாயிரத்தில் நிற்கும். அப்படி ஒரு பில்லை ஒரு டாக்ஸிக்காரரிடம் நீட்ட எனக்குக் கை வரவில்லை. அவருக்கு அது மூன்று மாத வருமானம்.

பெட்ரோல் வண்டியில் இன்னொன்று, புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர். பெட்ரோல் விட்டு விட்டு வரும்போது எஞ்சின் மிஸ்ஃபயர் ஆகும், அதாவது சரியாக எரியாமல் தவறும். எரியாத பெட்ரோல் சைலன்சர் வழியாகப் போய் அந்தச் சூடான கன்வர்ட்டருக்குள் எரியும். உள்ளே தேன்கூடு மாதிரி இருக்கிற செராமிக் உருகி அடைத்துக்கொள்ளலாம். ஒரு தரம் நின்றதற்கே இப்படி ஆகிவிடாது, திக்கத் திக்க ஓட்டிக்கொண்டே போனால்தான் ஆபத்து.

'அடியில் கிடக்கும் கசடையெல்லாம் உறிஞ்சிவிடும்' என்று பலரும் சொல்வார்கள். அதில் பாதிதான் சரி. டேங்க் நிறைந்திருந்தாலும் பம்ப் அடியிலிருந்துதான் எடுக்கிறது. கொஞ்சமாக இருக்கும்போது அலம்பிக் கலங்கி வரும், அது மட்டும் உண்மை. இரும்பு டேங்க் உள்ள பழைய வண்டியில் கவனம் வேண்டும். திசையன்விளை, உவரிப் பக்கம் பம்பாயிலோ வளைகுடாவிலோ வேலை பார்த்துக்கொண்டு, கோயில் கொடைக்கு மட்டும் ஊருக்கு வருகிறவர்கள் காரை வெறும் டேங்கோடு நிறுத்திவிட்டுப் போகிறார்கள். கடல் காற்று. டேங்க் காலியாக இருக்கிற இடத்தில் ஈரக் காற்று நிற்கும், உள்ளே துரு பிடிக்கும். இப்போது பங்க்கில் வருவது 20 சதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும், தண்ணீர் அதிகம் சேர்ந்தால் இரண்டும் சேர்ந்து பெட்ரோலைவிட்டுப் பிரிந்து அடியில் தங்கிவிடும். மாதக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் டேங்கை நிறைத்து நிறுத்துங்கள்.

நிறைத்தால் எடை கூடி மைலேஜ் குறையுமே என்பார்கள். ஸ்விஃப்ட் டேங்க் 37 லிட்டர். முழுக்க நிறைத்தாலும் 28 கிலோதான், ஒரு அரிசிச் சிப்பத்தைவிடக் கொஞ்சம் கூட. அதுக்காக யாரும் மைலேஜ் கணக்குப் பார்க்க வேண்டாம். ஆனால் நாசில் தானாக 'டக்' என்று நின்றதும் நிறுத்திவிடுங்கள். ரவுண்டாக வரட்டும் என்று மேலும் மேலும் அழுத்தினால் ஆவியைப் பிடிக்கும் கரி டப்பாவில் பெட்ரோல் ஏறி அது பாழாகும்.

வண்டிக்கு வருகிற கெடுதலை விடுங்கள். ராத்திரி நான்குவழிச் சாலையில் நாங்குநேரிக்கும் வள்ளியூருக்கும் நடுவில், வலது ஓரத்தில் 90-ல் போகும்போது எஞ்சின் நின்றால் என்ன ஆகும்? ஸ்டீயரிங் கனக்கும், பின்னால் லாரி வரும், நீங்கள் இடதுபக்கம் போய்ச் சேர வேண்டும். அப்படி நேர்ந்தால் பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காதீர்கள், ஒரே மிதியாகப் பயன்படுத்துங்கள். ஹசார்ட் விளக்கைப் போட்டு, இருக்கிற வேகத்திலேயே ஓரத்துக்குக் கொண்டுபோங்கள். இடதுபக்கக் கதவு வழியாக எல்லோரையும் இறக்கி, தடுப்புக்கு அப்பால் நிறுத்துங்கள், எச்சரிக்கை முக்கோணத்தை நன்றாகப் பின்னால் வையுங்கள். தேசிய நெடுஞ்சாலை உதவி எண் 1033. ஒரு பாட்டில் பெட்ரோலைக் காருக்குள் வைத்துக்கொள்ளலாமா என்று தயவுசெய்து நினைக்காதீர்கள், வெயிலில் அது வெடிகுண்டுக்குச் சமம்.

2023 டிசம்பர் 17, 18 மழையை நம் பக்கத்தில் யாரும் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது, தாமிரபரணி வெள்ளம் திருநெல்வேலி ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டுக்குள் வந்தது. என் மச்சானின் அப்பாவுக்கு வாரம் மூன்று தடவை டயாலிசிஸ். திங்கட்கிழமை போயாக வேண்டும். மச்சானின் காரில் சனிக்கிழமையிலிருந்தே விளக்கு எரிகிறது, ஞாயிற்றுக்கிழமை போட்டுக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறார். ஞாயிறு முழுக்க மழை. திங்கள் காலையில் கரண்ட் இல்லை, பக்கத்து பங்க் ஓடவில்லை. நேராகப் போனால் ஆறு கிலோமீட்டர், தண்ணீர் நின்றதால் எவ்வளவு சுற்ற வேண்டியிருக்கும் என்று தெரியாது. என் பழைய பைக்கின் டியூபை உருவி, குடைக்கு அடியில் உட்கார்ந்து, ஒரு கேனில் சொட்டச் சொட்ட இரண்டரை லிட்டர் பிடித்தேன். அரை மணி நேரம் ஆனது. மாமா திண்ணையில் உட்கார்ந்து, காலில் வீக்கத்தோடு, ஒன்றும் பேசாமல் அந்தக் கேனையே பார்த்துக்கொண்டிருந்தார். போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஆனால் அந்த முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அன்றிலிருந்து ஐப்பசி பிறந்தால் வீட்டில் எந்த வண்டியும் பாதிக்குக் கீழே இறங்கக் கூடாது என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

உங்களுக்கு நான் அதிகச் செலவு சொல்லவில்லை. ஒரே ஒரு மாதம், சம்பளம் வந்ததும் ஒரு 1,500 ரூபாய்க்குச் சேர்த்துப் போடுங்கள். பிறகு வழக்கம்போல தினம் 500 ரூபாய்தான். முள் கால் டேங்குக்கு மேலேயே ஆடிக்கொண்டிருக்கும், செலவு அதே செலவு.

நாளைக் காலையில் இன்னொன்றும் செய்யுங்கள். தெரு அமைதியாக இருக்கும்போது ஏ.சி., ரேடியோ எல்லாம் அணைத்து, எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆனில் திருப்புங்கள். வீட்டில் யாரையாவது பின்சீட்டில் காதை வைத்துக் கேட்கச் சொல்லுங்கள். இரண்டு மூன்று வினாடி மெல்லிசாக 'ம்ம்' என்று கேட்டு நின்றால் பம்ப் நன்றாக இருக்கிறது. கொசு காதருகில் பறக்கிற மாதிரி 'கொய்ங்' என்று கேட்டால், ஓட்டும்போதும் அந்தச் சத்தம் தொடர்ந்தால், தள்ளிப்போடாமல் உங்கள் மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள்.