டாம் அண்ட் ஜெர்ரி: வெட்டும் ஒட்டும்

அன்புள்ள ஐயா,

சிறுவயதில் டிவியில் பார்த்த டாம் அண்ட் ஜெர்ரியில், கால் மட்டும் தெரியும் வீட்டுப் பெண்மணி ஒல்லியான வெள்ளைக்காரியாக இருந்த நினைவு. இப்போது மகளுக்காக வாங்கிய டிவிடியில் அதே படத்தில் பருத்த கறுப்பினப் பெண்மணி வருகிறார். எது அசல்? ஏன் மாற்றினார்கள், அது சரிதானா?

கீதா

அன்புள்ள கீதா,

டிவிடியில் இருப்பதே அசல். 1940இல் வந்த முதல் படத்திலேயே அவர் உண்டு. 1952 வரை வந்தார். ரசிகர்களிடையே மேமி டூ ஷூஸ் என்று பெயர். பெரும்பாலும் குரல் கொடுத்தவர் லில்லியன் ராண்டால்ஃப் என்ற கறுப்பின நடிகை. டைட்டிலில் அவர் பெயரைப் போடவில்லை.

1960களில் இப்படங்கள் அமெரிக்கத் தொலைக்காட்சிக்குப் போனபோது கறுப்பின வேலைக்காரியைக் கேலிசெய்வதுபோல் இருந்த கொச்சைப் பேச்சும் செருப்புக்காலும் உறுத்தின. எம்ஜிஎம் ஸ்டுடியோவில் கார்ட்டூன் இயக்குநர் சக் ஜோன்ஸின் குழு சில படங்களில் அசல் அசைவின் மேலேயே ஒற்றி வரைந்து வெள்ளைப் பெண்ணைப் புகுத்தியது. குரல் நடிகை ஜூன் ஃபோரே ஐரிஷ் உச்சரிப்பில் பேசினார். நீங்கள் பார்த்தது அதுதான்.

வெட்டித் தள்ளியிருக்கலாமே என்றால், முடியாது. டாமை மிரட்டி வெளியே தள்ளுபவரே அவர்தான். அவர் இல்லாவிட்டால் கதை நகராது. தொழில்நுட்பச் சிக்கலும் உண்டு. நொடிக்கு 24 பிரேம், ஸ்காட் பிராட்லியின் இசையோ அசைவுக்கு அசைவு பொருத்தி எழுதப்பட்டது. படத்தில் மட்டும் ஐந்து நொடி எடுத்தால் 120 பிரேம் போகும்; அதன்பின் விழும் ஒவ்வொரு அடிக்கும் சத்தம் ஐந்து நொடி தாமதமாகக் கேட்கும். ஒலியையும் சேர்த்து வெட்டினால் தாளம் எகிறும்.

டிஸ்னியின் ஃபேன்டேசியாவிலும் (1940) இதே தலைவலி. இடுப்புக்கு மேல் பெண், கீழே குதிரை என்று வரும் வெள்ளைப் பெண்களின் குளம்பைத் துடைக்கும், அதே உருவக் கறுப்பினச் சிறுமி அதில் உண்டு. அந்தக் காட்சிகளை 1960களில் வெட்டினார்கள். ஆனால் பின்னணியில் ஓடுவது பீத்தோவனின் ஆறாவது சிம்பொனி. அதில் கைவைக்க யாருக்கு மனம் வரும்? அதனால் 1991இல் வந்த வீடியோவில் வெட்டாமல், பிரேமைப் பெரிதாக்கிச் சிறுமியை விளிம்புக்கு வெளியே தள்ளினார்கள். அப்படிப் பெரிதாக்கினால் படத்தில் புள்ளி புள்ளியாகப் பொரி கூடும், ஓவியர் வைத்த சமநிலையும் கெடும்.

டாம் அண்ட் ஜெர்ரிக்கு 1990களில் இன்னொரு வைத்தியம் நடந்தது. ஓவியத்தைத் தொடாமல், தியா விடேல் என்ற கறுப்பின நடிகையை வைத்துக் கொச்சையில்லாமல் மறுபடி பேசவைத்தார்கள்.

சரிதானா என்று கேட்டீர்கள். என் பார்வையில் 1960களின் ஒட்டுவேலைதான் மிக மோசம். கறுப்பினத்தவர் கேட்டது கேலிச்சித்திரம் வேண்டாம் என்று; ஸ்டுடியோ கொடுத்தது கறுப்பினத்தவரே வேண்டாம் என்று. ஒரு நடிகையின் குரலும் அதோடு போயிற்று. படம் வரைந்த மேசைகளிலும் கறுப்பினத்தவர் அநேகமாக இல்லை. டிஸ்னியின் முதல் கறுப்பின அனிமேஷன் ஓவியராகக் கருதப்படும் ஃபிளாய்ட் நார்மன் அங்கே சேர்ந்ததே 1956இல்தான். அசலைப் பார்ப்பதே மேல், பக்கத்தில் விளக்கிச் சொல்ல நீங்கள் இருந்தால்.

உங்கள் டிவிடி முழுமையானதா என்று பார்க்க ஒரு வழி. வெடிகுண்டு வெடித்ததும் டாமின் முகம் கரியாகி, உதடு தடித்து, தலைமுடி ரிப்பன் கட்டிய பின்னல்களாக மாறும், கறுப்பினத்தவரைக் கிண்டல்செய்யும் நகைச்சுவை பல படங்களில் உண்டு. தொலைக்காட்சிப் பிரதிகளில் அதைத்தான் முதலில் வெட்டுவார்கள். வெடித்த கையோடு காட்சி தாவி, இசையும் பாதியில் துள்ளினால் அது வெட்டுப்பட்ட பிரதி.