கிராசிங்கில் இறங்கும் முன்

தம்பி, கலிஃபோர்னியாவுக்கு வந்து ஒரு வாரம்தான் ஆகிறது, லைசென்ஸ் வாங்கும்வரை ஆபீசுக்கு நடந்துதான் போக வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். ரோட்டைக் கடக்கப் போட்டிருக்கும் கோட்டில் கால் வைத்தால் வண்டியெல்லாம் நின்றே ஆக வேண்டும் என்று ரூம் நண்பர்கள் சொன்னது உண்மையா என்றும், எந்த போன் பிளான், எந்த பேங்க் நல்லது என்றும் கேட்டிருக்கிறீர்கள். போனும் பேங்கும் எதை எடுத்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை, பிடிக்காவிட்டால் மாற்றிக்கொள்ளலாம். கிராசிங் அப்படி இல்லை.

சட்டம் உங்கள் பக்கம்தான். கோடு போட்ட இடத்தில் மட்டுமல்ல, கோடே இல்லாத தெருமுனையிலும் கடப்பவருக்கு வண்டி வழிவிட வேண்டும். இரண்டு தெரு சந்திக்கும் இடத்தில் நடைபாதையை நேராக நீட்டினால் எங்கே போகுமோ, அதுவும் கிராசிங் கணக்குதான். பல வருடமாகக் கார் ஓட்டுகிறவர்களிலேயே நிறையப் பேருக்கு இது தெரியாது. ஆனால் வாகனச் சட்டத்தின் அதே 21950-ஆம் பிரிவு, வண்டி மிக அருகில் வந்துவிட்ட பிறகு திடீரென்று ரோட்டில் இறங்கக் கூடாது என்றும் சொல்கிறது. உங்கள் நண்பர்கள் இந்தப் பாதியை விட்டுவிட்டார்கள். "பயப்படாதே, நின்றுவிடுவான்" என்று புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் பழக்கம் நம் ஆட்களிடம் இருக்கிறது. கேட்கும்போதெல்லாம் கோபம் வருகிறது. சொல்பவர் காரில் போகிறார், ரோட்டில் இறங்குவது கேட்பவர்.

பல லேன் உள்ள ரோட்டில்தான் உயிருக்கு ஆபத்து. முதல் லேனில் ஒருவர் நிறுத்தி, போங்கள் என்று கையும் காட்டுவார். அவருடைய கார் மறைப்பதால் அடுத்த லேனில் வருகிறவருக்கு நீங்கள் தெரியவே மாட்டீர்கள். கடப்பவருக்காக நிற்கும் வண்டியைப் பின்னாலிருந்து வந்து முந்தக் கூடாது என்று 21951-ஆம் பிரிவு இருக்கிறது. இருந்தும் முந்துகிறார்கள். அதனால் நின்ற காரின் முன்முனை வரை போய், அங்கே நின்று எட்டிப் பார்த்து, அடுத்த லேனும் நின்ற பிறகுதான் நகர வேண்டும். கை காட்டியவர் காத்திருக்கிறாரே என்று அவசரப்படாதீர்கள்.

அப்புறம், சிவப்பு விளக்கிலும் வலப்பக்கம் திரும்ப இங்கே அனுமதி உண்டு. முழுதாக நின்று, நடப்பவருக்கு வழிவிட்டுத்தான் திரும்ப வேண்டும். ஆனால் இடப்பக்கம் வரும் வண்டிகளையே பார்த்துக்கொண்டு உருட்டிக்கொண்டு வருவார்கள், வலப்பக்கம் நிற்கும் உங்களைப் பார்க்க மாட்டார்கள். நடக்கச் சொல்லி விளக்கு எரிந்தாலும் அந்த ஓட்டுநரின் கண்ணைப் பார்த்துவிட்டு இறங்குங்கள். ஊரில் முதலில் வலப்பக்கம் பார்த்துப் பழகிய தலை இங்கே முதலில் இடப்பக்கம் திரும்ப வேண்டும், அதற்கே சில வாரம் பிடிக்கும். நடுரோட்டில் கடந்தால் போலீஸ் பிடிப்பார்களா என்று கவலைப்பட வேண்டாம். உடனடி மோதல் ஆபத்து இல்லாதபோது அதற்காக நிறுத்தக் கூடாது என்று 2023 முதல் சட்டம் இருக்கிறது. அதற்காகக் கடக்கவும் வேண்டாம்.

நான் வந்த புதிதில் எல் கமினோ ரியல் என்ற பெரிய ரோட்டின் ஓரம் குடியிருந்தேன். இந்தப் பக்கம் மூன்று லேன், அந்தப் பக்கம் மூன்று லேன், இரண்டு கையிலும் பை. குளிர்காலத்தில் ஐந்து மணிக்கே இருட்டிவிடும், நானோ கறுப்பு ஜாக்கெட். வெளிர் நிற உடையும் கையில் எரியும் டார்ச்சும் வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, நானாகத்தான் கண்டுபிடித்தேன். பிறகு நண்பர்களின் பெற்றோர் ஊரிலிருந்து வரும்போதெல்லாம் முதல் நாள் மாலை அவர்களை நடக்கக் கூட்டிப்போவது என் வேலையாயிற்று. கையை நீட்டிக்கொண்டே இறங்கும் பழக்கத்தை அவர்கள் விடுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும், ஆனால் எல்லோரும் கற்றுக்கொண்டார்கள்.

நம்மவர்களிடம் எனக்குத் தீராத வருத்தம் ஒன்று உண்டு. நடந்து கஷ்டப்பட்டவர்களே பெரிய கார் வாங்கியதும் கிராசிங்கை ஒட்டி நிறுத்திவிட்டுப் பிள்ளைகளை இறக்குகிறார்கள். வண்டி வரும் பக்கத்தில் கிராசிங்குக்கு 20 அடிக்குள் நிறுத்தக் கூடாது என்ற சட்டமே வந்துவிட்டது, 2025 முதல் அபராதமும் உண்டு. நான் ஓட்டும்போது கோட்டுக்கு நன்றாக முன்னாலேயே நிறுத்திவிடுவேன், பக்கத்து லேன்காரருக்கும் நடப்பவர் தெரியட்டும் என்று. பின்னால் ஹார்ன் அடிப்பார்கள். அடிக்கட்டும்.