மெக்கானிக்கல் படித்த பெண்ணுக்கு சிப் ஆலையில் வேலை உண்டா?

தங்கச்சிமடத்திலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு,

மகள் மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு. சிப் கம்பெனி இசிஇ (எலக்ட்ரானிக்ஸ்) பிள்ளைகளுக்குத்தான் என்று சொந்தக்காரர் சொன்னது பாதிதான் சரி. சிப்பை வடிவமைக்க இசிஇ வேண்டும். ஆலையை ஓட்ட மெக்கானிக்கலும் வேண்டும்.

சிப்புகள் உருவாவது வேஃபர் என்ற வட்டமான சிலிக்கான் தகட்டின் மேல். 300 மி.மீ. விட்டமுள்ள வேஃபரின் கனம் முக்கால் மி.மீ. சொச்சம். அது போகும் வழியெல்லாம் எதன் மேலாவது உட்காருகிறது, உரசுகிறது. உரசினால் தேயும், தேய்ந்தால் துகள், துகள் விழுந்த சிப் வீண். வேஃபரைத் தாங்கும் முனைகளுக்கும் பம்ப் சீல்களுக்கும் வைரப் பூச்சு போடுவது இதனால்தான்.

ஹைட்ரஜனில் சில சதவீதம் மீத்தேன் கலந்து, 2000 டிகிரிக்கு மேல் சூடான டங்ஸ்டன் கம்பி வழியே விட்டால், 700 முதல் 900 டிகிரியில் இருக்கும் பரப்பில் வைரம் படியும். பூச்சு போடும் பாகம் டங்ஸ்டன் கார்பைடு என்ற கடினப் பொருளாக இருந்து, அதில் கோபால்ட் இருந்தால் சிக்கல். அது கார்பனை கிராஃபைட்டாக்கிவிடும். உப்புக்காற்று பட்ட சுவரில் சுண்ணாம்பு உரிவதுபோல் பூச்சு உரியும். எனவே மேல்பரப்புக் கோபால்ட்டை முதலில் அமிலத்தில் கரைத்தெடுக்க வேண்டும்.

இன்டர்வியூவுக்கு மகள் கட்டாயம் படிக்க வேண்டியது ஒன்று. நம் மண்டபம் ஊரின் ஈரக்காற்றில் வழுவழுவென்று ஓடும் வைரம், வெற்றிடத்தில் இறுகப் பிடிக்கும். பரப்பிலுள்ள கார்பன் அணுக்களின் வெறுங்கைகளை, அதாவது எதோடும் சேராத பிணைப்புகளை, ஹைட்ரஜனும் நீராவியும் மூடிவைத்திருக்கின்றன. உரசலில் அந்த மூடி போனால், வெற்றிடத்தில் மறுபடி மூட ஆளில்லை. ஈரக்காற்றில் எடுத்த அளவை ஆலையின் வெற்றிட அறைக்கு அப்படியே நம்பக்கூடாது.

கணக்கும் தெரியட்டும். சுழலும் வட்டில் உருண்டையை அழுத்தித் தேய்த்துப் பார்க்கும் பின்-ஆன்-டிஸ்க் சோதனையில் 10 நியூட்டன் சுமை, 1000 மீட்டர் ஓட்டம், 0.001 கன மி.மீ. தேய்மானம் என்றால், சுமையாலும் தூரத்தாலும் வகுக்க வருவது பத்துலட்சத்தில் ஒன்றின் பத்தில் ஒரு பங்கு (நியூட்டன்-மீட்டருக்கு கன மி.மீ. கணக்கில்). எடையில் அது 0.0035 மில்லிகிராம், கல்லூரித் தராசு காட்டாது. உரசிய தடத்தின் ஆழத்தை, மேடுபள்ளம் அளக்கும் புரொஃபைலோமீட்டரில்தான் அளக்க வேண்டும். தடத்தில் கறுப்புக் கோடு தெரிந்ததும் பூச்சு போய்விட்டதென்று பலர் எழுதிவிடுகிறார்கள். சொரசொரப்பான வைரம் அரம்போல எஃகு உருண்டையைத் தேய்த்து, அந்த இரும்பை அங்கே அப்பியிருக்கலாம். லேசர் ஒளி பாய்ச்சிப் பொருளை அடையாளம் காணும் ராமன் நிறமாலையில் 1332-இல் (செ.மீ.⁻¹ அலகில்) கூர்முனை இருந்தால் வைரம் அங்கேயே இருக்கிறது.

மகள் டிரைபாலஜி (உராய்வு, தேய்மானம் பற்றிய படிப்பு), பொருளறிவியல் பாடங்களை விருப்பப்பாடமாக எடுக்கட்டும். மூன்றாம் ஆண்டிலேயே கேட் (GATE) என்ற பொறியியல் நுழைவுத்தேர்வு எழுதலாம், மதிப்பெண் மூன்றாண்டு செல்லும். வேலை, சிப் ஆலைகள் வரும் குஜராத்தின் சானந்த், தோலேரா பக்கம் அமையலாம், ஷிஃப்டும் இருக்கும். இதை இப்போதே வீட்டில் பேசிவிடுங்கள். 'மூன்றே மாதத்தில் செமிகண்டக்டர் வேலை உறுதி' என்கிற வகுப்புக்குப் பணம் கட்டாதீர்கள். இறுதியாண்டு புராஜெக்டுக்குக் காரைக்குடி சிக்ரிக்கு (மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம்), துறைத்தலைவர் கையெழுத்தோடு ஆறாம் செமஸ்டரிலேயே கடிதம் போகட்டும். அதில் 'எதுவானாலும் சரி' என்று எழுதாமல், எந்தப் பூச்சில் எதை அளக்கப்போகிறாள் என்று எழுதச் சொல்லுங்கள்.