இங்கிலாந்துத் தொடக்கப் பள்ளிகள் பிள்ளைகளைத் தீவிரவாதச் சிந்தனையிலிருந்து எப்படிக் காக்கின்றன?

ஏழு வயதுப் பிள்ளைக்கு இதைப் பற்றி என்ன பாடம் நடத்துவார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். தனிப் பாடமாக நடத்த வேண்டிய அவசியம் இல்லை. 2015 ஜூலை முதல் 'பிரிவென்ட்' கடமை, அதாவது பிள்ளைகள் தீவிரவாதத்தின் பக்கம் இழுக்கப்படாமல் தடுக்கும் பொறுப்பு, பள்ளிகளுக்குச் சட்டப்படி உண்டு. ஆனால் வகுப்பறையில் அது சின்னச் சின்ன விஷயங்களாகத்தான் தெரியும்: மாணவர் மன்றத்துக்கு ஓட்டுப் போடுவது, பிடிக்காத கருத்தைத் திட்டாமல் மறுத்துப் பேசுவது.

ஒரு பையன் திடீரென்று "அவங்க கூட விளையாட மாட்டேன், அவங்க கெட்டவங்க" என்கிறான் என்று வைத்துக்கொள்வோம். நல்ல ஆசிரியர் அதட்ட மாட்டார், பக்கத்தில் உட்கார்ந்து "யார் சொன்னா?" என்று கேட்பார். என்னைக் கேட்டால், பாதி வேலை அந்தக் கேள்வியிலேயே முடிந்துவிடும். கவலை தீராவிட்டால் பள்ளியின் குழந்தைப் பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் சொல்வார்கள். அப்புறம் தேவைப்பட்டால், தீவிரவாதத்தின் பக்கம் சாயக்கூடியவர்களுக்குத் துணை நிற்கும் 'சேனல்' திட்டத்துக்குப் பரிந்துரை போகலாம். அது தண்டனை அல்ல, உதவி. பெற்றோர் சம்மதித்தால்தான் தொடங்கும்.